1938இல் காணாமல் போன உக்ரைன் கிராமத்து ஆசிரியர்: குடும்பக் கதையில் எதை நம்பலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி உக்ரைன்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் "பொல்தாவா பக்கம்" பிறந்து, அங்கேயே கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1938இல் ஒரு இரவு வந்து கூட்டிப் போனார்கள், அவர் திரும்பவே இல்லை. 1944இல் நிமோனியாவால் இறந்ததாக வீட்டில் ஒரு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பிள்ளைகளுக்கு உக்ரைனின் தேசியக் கவிஞர் ஷெவ்சென்கோவின் கவிதையைச் சொல்லிக்கொடுத்ததால்தான் பிடித்தார்கள் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். அவருக்கு முன்பே வேறொரு மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள் என்று மாமியார் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். எந்த இணையதளத்தில் தேடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கதையில் எது நிஜம் என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன், தேட வேண்டிய இடங்கள் போகிற போக்கில் வந்துவிடும். நான் சோவியத் வரலாறு படித்தவன், அந்தக் காலத்து வழக்குக் கோப்புகளையும் பள்ளிக் கோப்புகளையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். உங்கள் வீட்டுத் தாள்களை நான் பார்த்ததில்லை. அதனால் அந்தக் காலத்து நடைமுறைகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம், அவரைப் பற்றிச் சொல்வதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் உங்களைத் தவறான பக்கம் இழுத்துப்போகும். 1937-38இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்திடம் அந்த உண்மையைச் சொல்லவில்லை. "பத்து ஆண்டுச் சிறை, கடிதத் தொடர்புக்கு உரிமை இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்து ஆண்டு முடிந்து, ஸ்டாலினும் இறந்து, குடும்பங்கள் மறுபடி கேட்கத் தொடங்கியபோது, 1955இல் கே.ஜி.பி. ஒரு ரகசிய உத்தரவு போட்டது. கைதான நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் ஏதாவது ஒரு தேதியைப் போட்டு, நிமோனியா, மாரடைப்பு, காசநோய் என்று ஏதாவது ஒரு காரணத்தை எழுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். உள்ளூர்ப் பதிவு அலுவலகம் மேலிடம் சொன்னதை அப்படியே பதிந்துகொண்டது. ஆகவே சான்றிதழில் இறந்த தேதியைப் பார்க்காதீர்கள், அது எந்த ஆண்டு வழங்கப்பட்டது என்று பாருங்கள், பெரும்பாலும் அடியில் இருக்கும். அது 1955க்கும் 1960களின் தொடக்கத்துக்கும் இடையில் இருந்து, இறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தால், 1944ஐயும் நிமோனியாவையும் மறந்துவிடலாம். மாறாக, ஒரு முகாமின் பெயரோ வடக்கே உள்ள ஏதாவது மாவட்டத்தின் பெயரோ இருந்தால் கதை வேறு, அவர் முகாமுக்கு அனுப்பப்பட்டு நிஜமாகவே போர்க்காலத்தில் இறந்திருக்கலாம். ஆனால் 1938இல் உக்ரைனில் த்ரோய்கா என்ற மூவர் குழு கொடுத்த தீர்ப்புகளில் மிகப் பெரும்பாலானவை மரண தண்டனைகளே. சோவியத் அரசின் சொந்தக் கணக்குப்படியே அந்த இரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் 6,81,692 பேர் சுடப்பட்டார்கள். உங்கள் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அடுத்தது வழக்குக் கோப்பு. கைது செய்யப்பட்ட ஆசிரியரின் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விவரம் வேறு எந்த ஒற்றை ஆவணத்திலும் கிடைக்காது. கோப்பின் முன்பகுதியில் "கைதானவரின் விவரப் படிவம்" இருக்கும். பிறந்த ஊர், பிறந்த நாள், தந்தையின் சமூக நிலை, புரட்சிக்கு முன் குடும்பத்துக்கு இருந்த நிலம், மாடு, வீடு, படிப்பு, ஜார் படையில் வகித்த பதவி, 1917க்குப் பிறகு எந்தப் படையில் இருந்தார், மனைவி, பிள்ளைகளின் பெயர், வயது, வேலை, சகோதரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். அப்புறம் வீட்டுச் சோதனையில் எடுத்த பொருட்களின் பட்டியல் இருக்கும், ஆசிரியர் வீடென்றால் புத்தகமும் கடிதமும் அதில் கட்டாயம் வரும். கடைசியில் தீர்ப்பின் ஒரு பக்கச் சுருக்கமும், பல கோப்புகளில் தண்டனை நிறைவேற்றிய நாளைக் குறித்த சிறு துண்டுச் சீட்டும் இருக்கும். குடும்பத்தில் யாராவது 1956 வாக்கில் மறுபரிசீலனை கேட்டு மனு போட்டிருந்தால், அந்த மனுவும் மறுபடி விசாரிக்கப்பட்ட சாட்சிகளின் வாக்குமூலமும் அதே கோப்பின் பின்பகுதியில் தைத்திருக்கும். பிழைத்திருந்த ஊர்க்காரர்கள் அவரைப் பற்றி ஓரளவு பயமில்லாமல் பேசிய பக்கங்கள் அவை. என்னைக் கேட்டால், முழுக் கோப்பிலும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பகுதிதான்.

இதைப் பெறுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. 2015இல் உக்ரைன் கொண்டுவந்த சட்டம் 1917 முதல் 1991 வரையிலான ஒடுக்குமுறை அமைப்புகளின் ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. உறவினர் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வெளிநாட்டவரும் கேட்கலாம். உக்ரைனியப் பாதுகாப்புச் சேவையின் அந்தந்த மாநிலக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் போதும், உக்ரைனிய மொழியில் எழுதச் சொல்லுங்கள், மனைவி எழுதிவிடுவார். அங்கே இல்லை என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். 1991இல் மறுவாழ்வுச் சட்டம் வந்த பிறகு, குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் பெரும்பகுதி மாநில அரசுக் காப்பகங்களுக்கு மாற்றப்பட்டது, ஆகவே அங்கேயும் தனியாகக் கேட்க வேண்டும். போர் நடப்பதால் பதில் தாமதமாக வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விவரப் படிவத்தை நம்பலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் கிராம சபையின் சான்றோடு ஒத்துப்போகும். விசாரணை வாக்குமூலத்தை அப்படி நம்ப முடியாது. "நான் எதிர்ப்புரட்சி தேசியவாத அமைப்பில் உறுப்பினர், என்னைச் சேர்த்தவர் இன்னார், நான் சேர்த்தவர்கள் இன்னின்னார்" என்று அச்சில் வார்த்ததுபோல ஒரே நடையில் வரும் வாசகங்கள் விசாரணை அதிகாரி எழுதியவை, கைதானவர் அடியும் தூக்கமின்மையும் தாங்காமல் கையெழுத்திட்டவை. அவர் "காட்டிக்கொடுத்த" பெயர்களைப் பார்த்து மனம் உடையாதீர்கள், அவரைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் பக்கத்து ஊர் ஆசிரியர்மேல் இன்றைக்குக் கோபப்படவும் வேண்டாம். குற்றப்பிரிவு பெரும்பாலும் உக்ரைன் சோவியத் குற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவாக இருக்கும். 54-10 என்றால் எதிர்ப்புரட்சிப் பிரச்சாரம், 54-11 என்றால் அமைப்பு. குற்றம் என்ன என்று பிரிவு எண் சொல்லும், அவர் நிஜமாக என்ன செய்தார் என்பது அதில் தெரியாது.

சரி, ஷெவ்சென்கோ கதைக்கு வருவோம். 1938இல் ஷெவ்சென்கோவைச் சொல்லிக்கொடுத்ததற்காகக் கைது என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். சோவியத் அரசு அப்போது அவரைத் தன் கவிஞராகவே கொண்டாடிக்கொண்டிருந்தது. கார்கிவில் 1935இல் அவருக்குப் பெரிய சிலை, 1939இல் 125ஆவது பிறந்த ஆண்டுக்குக் கீவிலும் கானிவிலும் சிலைகள். பள்ளிப் பாடத்தில் அவர் இருந்தார். அவரது சில வரிகளை வேறு அர்த்தத்தில் சொன்னார் என்று ஒரு சாட்சி எழுதிக் கொடுத்திருக்கலாம், அது முடியாதது இல்லை. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. 1914இல் ஷெவ்சென்கோவின் நூற்றாண்டு விழாவை ஜார் அரசு தடை செய்தது. அப்போது உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தாவுக்கு இருபத்துநாலு வயது, ஏதோ ஒரு ஊரில் இளம் ஆசிரியர். ஷெவ்சென்கோவுக்காக ஆசிரியர்கள் கண்டிக்கப்படவும் வேலையை இழக்கவும் வாய்ப்பிருந்த ஆண்டு அதுதான். குடும்ப நினைவு சம்பவத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டை நழுவ விட்டுவிடும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஜார் கால மாகாணக் காவல்துறையின் ஆவணங்கள் கீவிலுள்ள மத்திய வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கின்றன. 1914இல் அவர்மேல் ஏதாவது குறிப்பு இருந்தால் அங்கேதான் கிடைக்கும்.

1938இல் அவரைப் பிடித்ததற்கு வலுவான காரணங்கள் வேறு இருந்திருக்கும். 1874இன் படைச் சட்டம் கிராம ஆசிரியர்களுக்குச் சமாதான காலத்தில் படைச் சேவையிலிருந்து விலக்கு கொடுத்தது. 1914இல் போர் வந்ததும் நிலைமை மாறியது. அதிகாரிகள் மளமளவென்று செத்துக்கொண்டிருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள், ஆகவே ஏராளமான கிராம ஆசிரியர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்று மிகக் கீழ்நிலை அதிகாரிகளாகப் போர்முனைக்குப் போனார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சின்னப் பதவியே "முன்னாள் ஜார் அதிகாரி" என்ற முத்திரையாக வந்து நின்றது. 1917-20இல் தனி நாடாக இருக்கப் போராடிய உக்ரைன் மக்கள் குடியரசின் படையிலோ, ஊர் கல்விச் சங்கத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்திருந்தால் அதுவும் ஒரு கரும்புள்ளி. அப்பா பாதிரியார் என்றாலோ, அண்ணன் "குலாக்" (பணக்கார விவசாயி) என்று நிலம் பறிக்கப்பட்டவர் என்றாலோ இன்னொரு புள்ளி. 1937 ஜூலை 30இல் சோவியத் ரகசியக் காவல்துறை போட்ட 00447 எண் உத்தரவு இப்படிப்பட்ட பழைய குறிப்புகள் உள்ளவர்களைத்தான் ஒதுக்கீட்டு எண்ணிக்கை வைத்துத் திரட்டச் சொன்னது. படிவத்தில் ராணுவச் சேவைக் கட்டத்தைப் பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கும்.

இனி அவரது இளமை. 1890இல் பொல்தாவா மாகாணத்தில் பிறந்து ஆசிரியரானவர் பெரும்பாலும் விவசாயி, கசாக் அல்லது கோயில் ஊழியர் வீட்டுப் பிள்ளையாக இருப்பார். கசாக் என்றதும் வாளும் குதிரையும் கற்பனை செய்ய வேண்டாம், பொல்தாவா, செர்னிஹிவ் மாகாணங்களில் அது நிலம் வைத்திருந்த குடிமக்களின் ஒரு சட்டப் பிரிவு. ஆசிரியராக இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிப்பது. 1903இல் எழுத்தாளர் கோகோல் பிறந்த வெலிக்கி சொரோச்சின்ட்ஸி ஊரில் அப்படி ஒன்று திறந்தார்கள், வயதைப் பார்த்தால் அவர் அங்கே படித்திருக்க நல்ல வாய்ப்பு. இன்னொன்று, வெளியிலிருந்து தேர்வு எழுதி ஆசிரியர் தகுதி பெறுவது. வேலை கிடைக்க மாகாண ஆளுநர் அலுவலகத்திலிருந்து "அரசியல் நம்பகத்தன்மை" சான்று வேண்டும். பள்ளி ஒரே அறை, சுமார் ஐம்பது பிள்ளைகள், மூன்று வகுப்பு, பல ஊர்களில் அதே கட்டடத்தின் பின்னறைதான் ஆசிரியர் வீடு. அறுவடை முடிந்த பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள், வசந்தத்தில் உழவு தொடங்கியதும் காணாமல் போவார்கள். 1908இன் சட்டம் ஆண்டுக்கு 360 ரூபிள் சம்பளம் என்று வரையறுத்தது, குடும்பஸ்தருக்கு அது இழுபறிதான். பாடமொழி ருஷ்யன் மட்டும். வீட்டில் உக்ரைனிய மொழி பேசும் பிள்ளைக்கு உக்ரைனிய மொழிதான் பேசும் ஆசிரியர் ருஷ்யனில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த நிலை 1917 வரை நீடித்தது.

ஊர்க் குடியானவரைத் தேடுவதைவிட ஆசிரியரைத் தேடுவது எளிது, அவர் சம்பளம் வாங்கியவர் என்பதால். சம்பளம் கொடுத்தவர்கள் பட்டியல் போட்டார்கள். பள்ளிகளை நடத்திய ஸெம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி மன்றங்களின் ஆண்டறிக்கைகளில் பல மாவட்டங்களில் ஆசிரியர் பெயர், படிப்பு, பணியாண்டு, சம்பளம்கூட இருக்கும். பொல்தாவா அப்போது கீவ் கல்வி வட்டத்தில் இருந்தது, அந்த வட்டத்தின் அச்சிட்ட கையேடுகளிலும் பார்க்கலாம். கோயில் பள்ளியில் இருந்தவர் என்றால் மறைமாவட்டச் செய்தி இதழ்களில் நியமன அறிவிப்பு வரும். இவற்றில் பல ஸ்கேன் வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. அச்செழுத்து என்பதால் பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

1920களின் நடுப்பகுதிதான் ஒரு கிராம ஆசிரியருக்கு ஓரளவு நல்ல காலம். 1923இல் உக்ரைனியமயமாக்கம் அரசுக் கொள்கையானது, பள்ளிகள் தாய்மொழிக்கு மாறின, இரவில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துவதும் அவர் தலையில்தான் விழுந்தது. 1930இல் கார்கிவ் நாடக அரங்கில் உக்ரைனிய அறிவாளிகள் 45 பேர்மேல் நடந்த "உக்ரைன் விடுதலைச் சங்க" வழக்கோடு காற்று மாறியது. 1933 ஜூலையில், அந்த ஆண்டின் தொடக்கம்வரை கல்வி ஆணையராக இருந்த ஸ்க்ரிப்னிக் தற்கொலை செய்துகொண்டார், அடுத்து பள்ளிகளில் களையெடுப்பு. இதற்கு நடுவில் 1932-33 பஞ்சம், உக்ரைனிய மக்கள்தொகை ஆய்வாளர்களின் கணக்கில் சுமார் 39 லட்சம் பேர் மாண்டார்கள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராம ஆசிரியர்களைத் தானியம் பறிக்கும் குழுக்களோடு வீடு வீடாகப் போக வைத்தார்கள், எண்ணிக்கை எழுதவும் கையெழுத்துப் போடவும் ஆள் வேண்டுமே. மறுத்தவர்கள் இருந்தார்கள், போனவர்களும் இருந்தார்கள், தங்கள் ரொட்டிப் பங்கீட்டுக்காகப் போனவர்கள் நிறைய. உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அப்படி ஒரு தாளில் வந்தாலும் வரலாம். பேரப்பிள்ளைகளுக்கு எழுதித் தரும் வரலாற்றில் அதை விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து.

முதல் மனைவி விஷயம். மாமியாரின் அம்மா 1928இல் பிறந்தவர், வீட்டில் மூத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் பிறந்தபோது ஆசிரியருக்கு முப்பத்தெட்டு வயது. அந்தக் காலத்துக் கிராமத்தில் ஆண்கள் இருபத்தைந்துக்குள் கல்யாணம் முடித்துவிடுவார்கள். சம்பளம் குறைந்த ஆசிரியர் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பார், போர் இன்னும் தள்ளியிருக்கும், ஆனாலும் முப்பத்தெட்டில் முதல் குழந்தை என்பது வழக்கமில்லை. ஆகவே மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல் மனைவி டைபஸிலோ ஸ்பானிஷ் காய்ச்சலிலோ இறந்திருக்கலாம், 1918-21 அப்படிப்பட்ட காலம். பிரிந்தும் போயிருக்கலாம், 1920களில் சோவியத் சட்டத்தில் விவாகரத்து மிகச் சுலபம். முதல் கல்யாணம் 1919க்கு முன் என்றால் அது கோயில் பதிவேட்டில் இருக்கும், அதற்குப் பின் என்றால் குடிமைப் பதிவேட்டில். கோயில் பதிவேட்டில் குழந்தையின் ஞானப் பெற்றோர் பெயரையும் பாருங்கள். ஆசிரியர் வீட்டுக் குழந்தைக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை, பாதிரியாரின் மனைவி, மனைவியின் சகோதரர் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள், தொலைந்துபோன பெண்வீட்டுப் பெயர் அங்கேதான் மீளும். தேதிகளில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அந்தப் பதிவேடுகள் பழைய நாட்காட்டியில் எழுதப்பட்டவை, 1890க்கு 12 நாள், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தக் காப்பகம் என்பது ஊரைப் பொறுத்தது, உங்கள் கேள்வியில் இல்லாததும் அதுதான். "பொல்தாவா பக்கம்" என்றால் இன்றைய பொல்தாவா மாநிலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பொல்தாவா மாகாணத்தின் ஸொலொத்தொனோஷா இன்றைக்குச் செர்காசி மாநிலத்தில், பெரெயாஸ்லாவ் கீவ் மாநிலத்தில், பிரிலூக்கி செர்னிஹிவ் மாநிலத்தில், ரோம்னி சுமி மாநிலத்தில் இருக்கின்றன. கொன்ஸ்தன்தினோஹ்ராத் என்ற ஊர் சோவியத் காலத்தில் க்ராஸ்னோஹ்ராத் ஆகி, 2024இல் பெரெஸ்தின் ஆகி, கார்கிவ் மாநிலத்தில் கிடக்கிறது. பொல்தாவா மாநிலம் என்ற ஒன்று உருவானதே 1937 செப்டம்பரில்தான். இவானிவ்கா, மிகொலாயிவ்கா போன்ற பெயர்களில் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு, போதாததற்கு 2020இல் மாவட்டங்களை 490லிருந்து 136ஆகக் குறைத்துவிட்டார்கள். ஊரைத் தவறாகப் பிடித்தால் அதே பெயருள்ள வேறொரு ஆசிரியரின் வாழ்க்கையைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். பொல்தாவா காப்பகம் இரண்டாம் உலகப்போரில் பெரிய அழிவைச் சந்தித்தது, பழைய பதிவேடுகளில் நிறைய இடைவெளி இருக்கும். செர்னிஹிவ் பக்கம் என்றால் இன்னும் கெட்ட செய்தி, அங்கிருந்த பாதுகாப்புச் சேவைக் காப்பகத்தின் ஒடுக்குமுறைக் கோப்புகள் 2022இல் ரஷ்யப் படையெடுப்பின் தொடக்கக் கட்டத்திலேயே தாக்குதலில் எரிந்துபோயின. பிழைத்த பதிவேடுகளில் நிறைய ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, உக்ரைனிய விக்கிமூலத்திலும் காப்பகவாரியாக ஸ்கேன்கள் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஊர், கோயில், ஆண்டு என்று போய்ப் பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

ஆகவே முதலில் காப்பகத்துக்கு எழுதாதீர்கள். மாமியாரிடம் அந்தச் சான்றிதழின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வழங்கிய அலுவலகத்தின் பெயரும் முத்திரையும் படிக்கும்படி இருக்க வேண்டும். பல சமயம் கைதுக்கு முன் குடும்பம் வாழ்ந்த இடத்து அலுவலகமே பதிவு செய்தது, ஆகவே மாவட்டம் அதிலேயே தெரிந்துவிடும். அவருடைய தந்தைப்பெயரைக் கேளுங்கள், அது இல்லாமல் எந்தக் காப்பகமும் உருப்படியாகத் தேடாது. பழைய பள்ளிப் புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும். பெயரை நிகொலாய், மிகொலா என்று ருஷ்ய, உக்ரைனிய வடிவம் இரண்டிலும் எழுதி வையுங்கள், இரண்டிலும் தேட வேண்டிவரும். மாவட்டம் தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்தக் காப்பகத்துக்கு என்ன கேட்டு எழுதுவது என்று உக்ரைனிய வாசகத்தோடு சொல்கிறேன். சான்றிதழையும் பெயர்களையும் மட்டும் பொதுவில் போட வேண்டாம்.